ஒற்று மிகும் இடம்

தானே புயல் அடித்த வருடம்
முழங்கால் தண்ணீரில் நின்றது சர்வர்.
வடிந்தபின் மாடிக்கு ஏற்றினோம்,
கம்பிக் கதவு போட்டு, ஏசி போட்டு,
சாவி ஒன்று என்னிடம், ஒன்று பீரோவில்.
இப்போது வருகிற வெள்ளத்துக்குப்
படி ஏறும் வேலையே இல்லை.

ஐப்பசிச் செவ்வாய், மூன்றேகால் மணி.
கடலூர் முதுநகர்த் துறைமுகத்தில் ஐஸ் உடைக்கும் சத்தம்.
இறால் கம்பெனியின் கணக்குப் பிரிவில்
அமலோற்பவி மட்டும் இருந்தாள்,
மற்றவர்கள் டீக்குப் போயிருந்தார்கள்.
கலியவரதன் சாரிடமிருந்து மெயில்:

"அட்டைப் பெட்டி தரும் நிறுவனத்தின் வங்கிக் கணக்கு மாறிவிட்டது.
புதிய கணக்கிற்குப் பணத்தை உடனடியாகச் செலுத்தவும்.
கூட்டத்தில் இருக்கிறேன். அழைக்க வேண்டாம்."

முப்பத்தொன்பது லட்சத்துச் சொச்சம்.

பெயர் அவர் பெயர்.
படம் அவர் படம், மகள் கல்யாணத்தில் எடுத்தது,
நெற்றியில் சந்தனம்கூடக் காயவில்லை.
முகவரியில் 'எம்' இருக்க வேண்டிய இடத்தில்
ஆரும் என்னும் ஒட்டிக்கொண்டு நின்றன.
அதை நானே மறுநாள்தான் பார்த்தேன்,
கண்ணாடியைத் துடைத்துவிட்டு.

வருடச் சந்தா கட்டி வாங்கிய வடிகட்டி
அதைக் கும்பிடு போட்டு உள்ளே விட்டிருந்தது.
ஆவணியில் நான் எடுத்த தூண்டில் மெயில் வகுப்புக்குப்
பாதிப் பேர் சுண்டலுக்காக வந்தார்கள்.
அமலோற்பவி வரவேயில்லை,
அன்று ஜிஎஸ்டி கடைசி நாள்.

இரண்டு முறை படித்தாள்.
எனக்குப் போன் செய்தாள்.
"அண்ணே, இது சார் எழுதினது இல்ல."
எப்படிச் சொல்ற?
"ஒற்றெல்லாம் சரியா இருக்கு."

பதினாறு வருடமாக அவர் தமிழைத் திருத்துகிறவள்.
'பணத்தை கட்டு', 'வங்கி கணக்கு',
'ஐஸ் பெட்டியை துடைத்து பூட்டு'.
க், ச், த், ப் நான்கையும்
உப்பனாற்றில் விட்டுவிட்டு ஆபீஸுக்கு வருகிற மனிதர்.
அவள்தான் ஒவ்வொன்றாகப் பிடித்துப் போடுவாள்.

அழைக்க வேண்டாம் என்றதால் அழைத்தோம்,
காலண்டரில் பேனாவால் எழுதி வைத்திருந்த எண்ணுக்கு.
கூட்டம் எதுவுமில்லை.
மஞ்சக்குப்பத்தில் பல் பிடுங்கிக்கொண்டிருந்தார்.
வாயில் பஞ்சோடு அவர் சொன்னதில்
'இல்ல' மட்டும் புரிந்தது.
அது போதும்.

ராத்திரி அவர் அஞ்சல் பெட்டியைத் திறந்தால்
யாரோ எழுதி வைத்த விதி ஒன்று:
வருவது போவது எல்லாவற்றின் நகலும்
நாற்பது நாளாக எங்கோ போய்க்கொண்டிருந்தது.
நாற்பது நாள்!
விலை, கப்பல் தேதி, பல் டாக்டர் நேரம்
எல்லாம் படித்திருக்கிறார்கள்.
அவர் தமிழைப் பார்த்து மனசு கேட்காமல்
திருத்தியும் விட்டிருக்கிறார்கள்.

ஒற்று என்றால் புள்ளி வைத்த எழுத்து.
ஒற்று என்றால் வேவு.
ஒன்று மிகுந்து மற்றதைக் காட்டிக்கொடுத்தது.

விதியை அழித்தேன். கடவுச்சொற்களை மாற்றினேன்.
எல்லார் போனுக்கும் இரண்டாம் பூட்டு.
விடிந்தபோது சிங்காரத்தோப்புப் பக்கம்
படகுகள் கரை சேரும் சத்தம்.
அறிக்கையில் என்ன எழுத?
'பிழை இல்லையென்றால் சந்தேகப்படவும்'
எழுதினேன், அழித்தேன்.
அடுத்த முறை பிழையையும் கற்றுக்கொண்டு வருவார்கள்.
'லட்சம் தாண்டினால், நமக்கு முன்பே தெரிந்த எண்ணில்
அழைத்துக் கேட்கவும்' என்று எழுதினேன்.
குரலும் போலியாக வரும் நாளைக்கு
இன்னொரு வரி வேண்டும். இன்னும் தெரியவில்லை.

திங்களன்று கலியவரதன் சாரின் சுற்றறிக்கை,
கன்னம் வீங்கியபடியே தட்டியது:
'எல்லோரும் பாதுகாப்பு பயிற்சிக்கு கட்டாயம் வரவும்.'

அமலோற்பவியின் விரல்
'ப்' மேல் போய் நின்றது.
கொஞ்ச நேரம் நின்றது.
அப்படியே அனுப்பிவிட்டாள்.